நீ சொல்லாமல் விடவில்லை

பாப்பா,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோதும், பிள்ளை பிறந்தபோதும் போன் இருந்தது, பேசிக்கொண்டோம். எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. இல்லை, வந்திருந்தது, நான்தான் எழுதவில்லை. போன வியாழக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, "அடுப்புல பால் வச்சிருக்கேன் பாப்பா, செத்த நேரம் அம்மாகிட்டப் பேசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன் அல்லவா, அப்போது அடுப்பில் எதுவும் இல்லை. மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உன்னிடம் பேசி முடித்துவிட்டு அம்மா மேலே வந்து, "எந்தப் பாலுங்க?" என்று கேட்டாள். காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தேன்.

நீ சொன்னது இதுதான். பழனி ரோட்டில் இருக்கும் இல்லத்திலிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிர்வாகக் குழுவில் டிரஸ்டியாக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று பதில் எழுதப் போகிறாய். ஏன் என்று கேட்டேன். "சொல்ல வேண்டிய நேரத்துல வாயத் தொறக்காதவப்பா நான். அந்த மேசையில உக்கார எனக்கு என்ன தகுதி இருக்கு?" என்றாய். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். ஒன்பது வருடமாக ஒரே விஷயத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஆள்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்தப் பழக்கத்தை உனக்கு ஏற்படுத்தியவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன் பெயரை எழுதவே இல்லை.

நான் சமூகப் பணித் துறையில் வாத்தியாராக இருந்த காலத்தில் நிர்வாகம் என்ற பாடத்தைப் பல வருடம் புத்தகத்தை வைத்தே நடத்தினேன். தீர்மானம் என்றால் என்ன, கூட்டத்தில் நடந்ததை மினிட்ஸாக எப்படி எழுதுவது, தலைவருக்கு என்ன பொறுப்பு, செயலாளருக்கு என்ன பொறுப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். படிப்பு முடிந்து ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வார்கள். பத்து வருடம் கழித்து அவர்களையே ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினராகப் போடுவார்கள். அப்போதும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதுகலை இரண்டாம் வருடப் பிள்ளைகளை, ஆளுக்கு ஒரு நிறுவனமாக, நிர்வாகக் குழுவின் மேசையிலேயே ஒரு வருடம் உட்கார வைப்பது. ஓட்டு கிடையாது, ஆனால் பேசலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நோட்டு எழுத வேண்டும். யார் என்ன பேசினார்கள், யார் பேசவில்லை, எதை யாருமே கேட்கவில்லை என்று எழுதி, அடுத்த திங்கட்கிழமை துறையில் கொடுத்துவிட வேண்டும். அந்த நோட்டுகளை நான் சில சமயம் அன்றைக்கே படிப்பேன், சில சமயம் கட்டாகச் சேர்த்து வைத்து செமஸ்டர் முடிவில் படிப்பேன்.

இதற்காக இரண்டு வருடம் பைக்கில் அலைந்தேன். "சின்னப் புள்ளைகளக் கொண்டாந்து உக்கார வச்சா நாங்க எப்படி சார் மனசு விட்டுப் பேசுறது?" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் வேவு பார்க்கவா என்றே கேட்டுவிட்டார். முதன்முதலில் சரி என்று சொன்னது சூசை. நானும் அவனும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். உனக்கு அவன் சூசை மாமா. அவன் சொன்னான் என்பதற்காகத்தான் மற்ற நான்கு நிறுவனங்களும் ஒத்துக்கொண்டன. முதல் வருடம் போன ஐந்து பிள்ளைகளில் நீ ஒருத்தி, சூசையின் இல்லத்துக்கு. அப்பா நடத்தும் துறையில் மகள் படிப்பது சரியா என்று அப்போதே நாலு பேர் பேசினார்கள். அதனால் கல்லூரிக்குள் நீ என்னை சார் என்றே கூப்பிடுவாய். வீட்டுக்கு வரும் வழியில், கேட்டைத் தாண்டி வண்டியில் ஏறிய பிறகுதான் அப்பா என்பாய்.

நீ எப்போதும் கேள்வி கேட்கிற பிள்ளை. எட்டாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் எல்லாருக்கும் நாற்காலி போட்டு, பஸ் ஓட்டும் டிரைவர்கள் மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நீ தலைமையாசிரியையிடம் போய், "டீச்சர், அவங்களுக்கு ஏன் சேர் இல்ல?" என்று கேட்டுவிட்டாய். அம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சம்பவத்தை நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நிர்வாகக் குழுவில் உட்காருகிறவனுக்கு வேண்டியது அந்தக் கண்தான் என்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். உன் கேள்வி என் நண்பனைப் பார்த்து வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சூசையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழனிக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ பஸ் வருகிறது. வருகிறவர்களில் சிலர் மனநிலை சரியில்லாத அம்மாவையோ தங்கையையோ கூட்டத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவர்களை முப்பது வருடமாகத் தேடிப் போய்க் கூட்டி வந்து, தன் கையாலேயே குளிப்பாட்டி, முடி வெட்டி, மருந்து கொடுத்து வைத்துக்கொண்டவன் சூசை. தன் பூக்காட்டை விற்றுப் பழனி ரோட்டில் அந்த இல்லத்துக்கு இடம் வாங்கினான். அவனை நல்லவன் என்று சொன்னால் அது குறைவு. அவன் நல்லவனாக இருந்ததுதான் எங்கள் எல்லாருக்கும் தொல்லையாகிப்போனது. அவனைத் தவிரக் குழுவில் ஏழு பேர். டாக்டர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பேகம்பூரில் கடை வைத்திருக்கும் காதர் பாய் என்று எல்லாருமே நல்ல மனிதர்கள். அவ்வளவு பெரிய காரியம் செய்கிறவனை எதிர்த்து என்ன கேட்பது என்று யாரும் எதுவும் கேட்பதில்லை.

நீ கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவாய். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வந்து இறங்கும் காய்களை இல்லத்துப் பெண்களோடு உட்கார்ந்து நறுக்குவாய். அங்கேதான் சரசு உனக்குப் பழக்கம். நாற்பது வயதிருக்கும். பழனி பஸ் ஸ்டாண்டில் கிடைத்து நான்கு வருடமாகி, மருந்தில் நன்றாகத் தேறியிருந்தாள். உன்னை அம்மிணி என்று கூப்பிடுவாள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாய்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் இல்லை. நடந்ததை உன் நோட்டிலிருந்தும், பிறகு காதர் பாய் சொன்னதிலிருந்தும் தெரிந்துகொண்டேன். சரசுவின் அண்ணன் கீரனூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், புதன்கிழமை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும் சூசை சந்தோஷமாக அறிவித்தான். ரேஷன் கார்டு சரியாக இருந்தது. சின்ன வயதுப் போட்டோ இருந்தது. "ஏனுங்க, நாலு வருசமா என்ர தங்கச்சியத் தேடாத எடமில்லீங்க" என்று அந்த ஆள் அழுதானாம். எல்லாரும் கைதட்டினார்கள். இல்லத்தில் ஒரு விதி உண்டு. யாரை அனுப்புவதாக இருந்தாலும் குழுவிலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். போகிற ஆளிடம் தனியாகக் கேட்க வேண்டும். அந்த விதியைப் பல வருடத்துக்கு முன்னால் சூசைக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

கைதட்டல் முடிந்ததும் நீ கேட்டாய். "மாமா, வீட்டப் போயி யாராச்சும் பாத்தாங்களா? சரசுக்காகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாராம். சூசை, "முப்பது வருசமா இதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன் பாப்பா" என்றான்.

"தெரியும் மாமா. கேட்டீங்களான்னுதான் கேக்குறேன்."

அவன் பைலை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். கூட்டம் அதோடு முடிந்தது. அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தான். "ஏப்பா, உன் மக ஏழு பேரு முன்னாடி என்னைய நிறுத்தி வச்சுக் கேக்குது. நான் என்ன ஆள் புடிச்சு விக்கிறவனா? எனக்கு இதெல்லாம் வேணாம்ப்பா, உன் புள்ளைகள நீயே வச்சுக்க" என்றான். எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? சரசு என்ன ஆவாள் என்று தோன்றவில்லை. சூசை விலகினால் மற்ற நான்கு பேரும் விலகுவார்களே, முதல் வருடமே திட்டம் செத்துப்போகுமே என்றுதான் தோன்றியது.

மறுநாள் கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உன்னிடம் பேசினேன். "நீ அங்க கத்துக்கப் போனவ பாப்பா, கத்துக் குடுக்கப் போகல" என்றேன்.

"கேள்வி கேக்கத்தானேப்பா அனுப்புனீங்க?"

"எல்லாக் கேள்வியையும் கூட்டத்துல வச்சுக் கேக்க முடியாது. அம்புட்டுச் செஞ்ச மனுசன். நாளான்னைக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு."

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தினாய். அம்மா தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுத்து வர உள்ளே போனாள். "இத சார் சொல்றீங்களா, அப்பா சொல்றீங்களா?" என்று கேட்டாய்.

"ரெண்டு பேருந்தான்" என்றேன்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது தெரியாது. திங்கட்கிழமை காலை ஐந்து பேரும் நோட்டு கொடுத்தீர்கள். பத்து மணிக்கு முதல் வகுப்பு முடிந்து வந்து உட்கார்ந்ததும் நான் எடுத்தது உன் நோட்டைத்தான். கூட்டத்தைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கும் அவசரம். அதில் இப்படி இருந்தது: 'கூட்டத்துக்கு முன்னால் சரசு அக்கா என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னார்: அந்த ஆளு வந்தா நா இங்கில்லீன்னு சொல்லிப்போடு அம்மிணி, அவன் என்னைய வெச்சுக்க வரல. ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சோறு போட்ட மனுசன் சந்தோசமா இருக்காரு, நா எப்படிச் சொல்றது என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் கூட்டத்தில் அவர் சொன்னதைச் சொல்லாமல், அவரிடம் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். இப்போது மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். வகுப்பில் நீங்கள் சார். வீட்டில் சூசை மாமாவின் நண்பர். எந்த இடத்தில் சொன்னால் கேட்பீர்கள் என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சார், தயவுசெய்து புதன்கிழமைக்குள் படியுங்கள்.'

படித்தேன் பாப்பா. திங்கட்கிழமை பத்தே காலுக்குப் படித்தேன். பழக்க தோஷத்தில் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு தேதியும் போட்டேன். அதன் பிறகுதான் என்ன படித்தோம் என்பது உறைத்தது. சூசைக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். கீரனூருக்கு இரண்டு மணி நேர பஸ், நானே போய் அந்த வீட்டைப் பார்த்திருக்கலாம். மனநிலை சரியில்லாதவள் பேச்சு, மருந்து குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டு பேசுகிறார்கள் என்று சொல்வார்களே என்று நினைத்தேன். இப்படிக் காரணங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நோட்டை மேசை டிராயரில் வைத்துச் சாவியைத் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் போனவனும் நான்தான். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது பின்னாலிருந்து, "அப்பா, நோட்டு குடுத்துட்டேன்" என்றாய். "சரி, பாக்குறேன்" என்றேன். நீ அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இல்லத்தில் சூசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நீ நின்றுகொண்டே, "தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சிருங்க மாமா" என்றாய். அவன் கண் கலங்கிவிட்டது. "விடு பாப்பா, உன்னைய நான் தூக்கி வளத்தவன்" என்று உன் தலையில் கை வைத்தான். மினிட்ஸ் எழுதும் தம்பியைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னான். எல்லாருக்கும் டீ வந்தது. ஜன்னலுக்கு வெளியே சரசு கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நம்மைப் பார்த்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

புதன்கிழமை அவளை அனுப்பினார்கள். அப்பா வழி நிலத்தை விற்க அவள் கைநாட்டு வேண்டியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கைநாட்டு வாங்கிய பிறகு மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கிருத்திகை நாளில், கூட்டத்தோடு கூட்டமாக அவளைப் பழனியில் மறுபடியும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காலில் புண் வைத்து, நடக்க முடியாமல், முன்பு கிடைத்த அதே பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவளைச் சூசையே போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் தேறவில்லை. பத்தொன்பது நாள் இருந்தாள். நீ தினமும் போனாய். கடைசிவரை உன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லி அழுதாய்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நீ என் முன்னால் வந்து நின்று கேட்டாய். "அப்பா, அந்த நோட்ட நீங்க எப்பப் படிச்சீங்க?"

உன் முகத்தைப் பார்த்தேன். "எல்லாத்தையும் செமஸ்டர் முடிவுலதான் பாப்பா படிப்பேன். இன்னும் எடுக்கல. ஏன், என்ன எழுதியிருந்த?" என்றேன்.

நான் வாழ்க்கையில் பொய்கள் சொல்லியிருக்கிறேன், எல்லாரையும் போல. ஆனால் அந்த 'என்ன எழுதியிருந்த' என்ற கேள்வி இருக்கிறதே, அதைப் போல ஒன்றை நான் யாருக்கும் செய்ததில்லை. நீ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "எழுதி வச்சா மட்டும் போதுமாப்பா? நான் வாயால சொல்லியிருக்கணும்" என்றாய். அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். கல்லூரியில் முதலாவதாக வந்தவள், இந்த வேலைக்கே வரமாட்டேன் என்று சொல்லி ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் போய்ச் சேர்ந்தாய். உன் தெருவில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்றால்கூட மாப்பிள்ளையை அனுப்பிவிட்டு நீ வீட்டில் இருந்துகொள்கிறாய் என்று கேள்விப்பட்டபோது, என்னிடம் இருந்த ஒரு வாக்கியம் உன்னை வெளியே கொண்டுவந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். வருடக் கடைசியில் மற்ற நான்கு பேரின் நோட்டையும் திருப்பிக் கொடுத்தேன். உன்னுடையது துறையை இடம் மாற்றியபோது தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. கிழித்துப் போடவும் தைரியம் வரவில்லை.

இன்னொன்றும் உனக்குச் சேர வேண்டியது என்னிடம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் சூசை படுக்கையில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். சரசு இறந்த பிறகு அவன் யாரையும் கேட்காமல் அனுப்பியதில்லை. அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டி வைத்திருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மகள மன்னிப்புக் கேக்க வச்சது பாவம்ப்பா. அது சொன்னதுதான் சரி. நான் சொன்னேன்னு அதுகிட்டச் சொல்லிரு" என்றான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம், கேட்க வைத்தது நீயில்லை சூசை, நான் என்று. அவள் நோட்டைப் படித்தும் மறைத்தேன் என்று. போகிற உயிராவது பாரம் குறைந்து போயிருக்கும். "சரிப்பா, சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் அதையும் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுபடியும் நோட்டைப் பற்றிக் கேட்பாயோ என்று பயம். அவன் சாவுக்கு வந்த நீ, அவன் காலடியில் நின்று எவ்வளவு நேரம் அழுதாய் என்று எனக்குத் தெரியும். அவன் உன்மேல் கோபத்தோடே போய்விட்டான் என்று நினைத்து அழுதிருந்தால், அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

திட்டம் பிழைத்துக்கொண்டது. இப்போதும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் போகிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் மாதத்தில் புது பேட்ச்சுக்குப் பேசக் கூப்பிடுவார்கள். இந்த வருடமும் போனேன். ஒரு பெண் எழுந்து, "சார், கூட்டத்துல எல்லாரும் ஒண்ணு சொல்றப்ப நமக்கு மட்டும் தப்பாத் தெரிஞ்சா என்ன சார் செய்றது?" என்று கேட்டாள். வழக்கமான பதில் வாய்வரை வந்தது. பிறகு தலை சுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாத பதிலைக் கொஞ்சம் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். மோசமான ஆட்களைக் கேள்வி கேட்பதற்கு எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டதில்லை, அது தானாகவே வந்தது. நமக்குப் பிடித்தவர்களை, நம்மை வளர்த்தவர்களைக் கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அங்கே கேட்டவள் நீ. ஒரு பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டு, அது பேசிய பிறகு அதன் பின்னால் நிற்க ஆள் இல்லை என்றால், அந்த நாற்காலி வெறும் அலங்காரம். உனக்குப் பின்னால் நிற்க வேண்டியவன் நான். துறையில் அதற்கென்று சம்பளம் வாங்கியவனும் நான், வீட்டில் அப்பாவும் நான். இரண்டு பேரில் ஒருவர்கூட வரவில்லை.

காதர் பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் இன்னும் குழுவில் இருக்கிறார். இல்லத்திலிருந்து உனக்குக் கடிதம் எழுதச் சொன்னதே அவர்தானாம். போன வாரம் கடைக்குப் போயிருந்தபோது சொன்னார். "அன்னைக்கு அந்தப் புள்ள கேட்டப்ப நாங்க ஏழு பேரும் வாய மூடிக்கிட்டிருந்தோம் சார். அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும். அது வந்து உக்காந்தா நல்லது" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கே அவர் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார்.

போவதும் போகாததும் உன் விருப்பம். வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறான், கோயம்புத்தூரிலிருந்து வந்து போவது லேசில்லை. எந்தக் காரணத்துக்காகவும் முடியாது என்று எழுது. ஆனால் என்னிடம் சொன்ன அந்தக் காரணத்தை மட்டும் எழுதாதே. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதவள் நீ இல்லை. சனிக்கிழமை ஏழு பேர் முன்னால் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னாய். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தாய். செவ்வாய்க்கிழமை வண்டியில் ஞாபகப்படுத்தினாய். இதற்கு மேல் ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும்? நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்.

இதை அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு, "அந்தப் பொம்பள செத்தப்போ புள்ள மூணு நாளு சாப்பிடல. நீங்க சாப்ட்டீங்க" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத நினைத்து எழுதாமல் விட்டிருக்கிறேன். செய்யாத தவறுக்காக அந்தச் சொல்லை உன் வாயில் வைத்தவன் நான். அதையே இப்போது உன்னிடம் கேட்டால், அதிலும் உனக்குத்தான் வேலை வைக்கிறேன் என்று ஆகும்.

கடைசியாக ஒன்று. உன் கேள்வியைப் பல பேர் அறிய அழித்தார்கள். அது சரிதான் என்பதை நான் மட்டும் உன் காதில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை இல்லத்தின் குழுவுக்கு அனுப்பி, மினிட்ஸ் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இன்னொன்றைத் துறையில் கொடுத்து, இந்த வருடம் போகும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கச் சொல்லலாம் என்றும். ஆனால் இது உன்னுடைய கதை. அதனால் முதலில் உன்னிடம் கேட்கிறேன். சரி என்றால் சரி என்று ஒரு வார்த்தை எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. யோசிக்க எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். உன்னிடமிருந்து எதுவுமே வராவிட்டால், நீ பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா